வசையும் மாற்றுச் சொல்லும்

மனிதன் சினங்கொள்ளாதிருத்தல் அரிது. சினம் வந்தவிடத்துச் சொல் வாராதிருத்தல் அதனினும் அரிது. சினத்தை அறவே வென்றபின் நாவைத் திருத்திக்கொள்வோம் என்போர், கடல் வற்றக் காத்திருந்த கொக்கின் கதியையே அடைவர். சினம் உள்ளபோதே நாவை என்செய்வது என்பதுதான் நம்முன் நிற்கும் கேள்வி. வாய்வரை வந்த வசையை விழுங்கி, அதன் இடத்தில் வேறொரு சொல்லை வைத்துச் சமாளிக்கும் வழக்கம் எல்லா நாட்டாரிடத்தும் உண்டு. தமிழரிடத்து மிகுதியாகவே உண்டு. அவ்வழக்கம் ஓர் ஒழுக்கமா, அன்றி வெறும் பூச்சுவேலையா என்பதை இங்கே சிறிது ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற இடம் புலவர் அவையன்று; தோட்டத்து லயமே ஆகும். சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில், கோல குபு பாருவுக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் இடையே, பழைய பெருஞ்சாலையின்மேல் கெர்லிங் என்னும் சிற்றூர் உளது. அதனைச் சூழ்ந்தும், மேற்கே கோல சிலாங்கூர் வரையிலும் பரந்திருந்த ரப்பர்த் தோட்டங்களில் நம்மவர் பல தலைமுறை பாடுபட்டனர். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்தை விட்டுப் பலர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். ஆயினும், லயத்து வாழ்க்கை நம்மவர் நாவில் பதித்த தழும்பு இன்னும் முற்றும் மறைந்தபாடில்லை.

லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த வீடுகளாகும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே பெரும்பாலும் இருந்தது ஒரு மெல்லிய சுவர். முதல் வீட்டில் கணவன் ஏசிய சொல்லை மூன்றாம் வீட்டுப் பெண்குழந்தை பாயில் படுத்தபடியே கேட்கும். மாளிகையில் வாழ்பவன் கதவைச் சாத்திக்கொண்டு எதனையும் பேசலாம். லயத்திலோ தனிப்பேச்சு என்று ஒன்று கிடையாது. பேசப்பட்டதெல்லாம் ஊர்ப்பொதுவாகிவிடும். ஆகவே, நாவடக்கம் என்பது அங்கே சான்றோர்க்கு மட்டும் உரிய அணிகலன் அன்று. உப்பையும் தண்ணீரையும் போல அன்றாடத் தேவை.

இனி, அங்கே வழங்கிய வசை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பொழுது புலருமுன் பெரட்டுக் களத்தில் ஆட்கணக்கு எடுக்கப்படும். நேரங்கழித்து வந்தவன், மரத்தைக் காயப்படுத்தி வெட்டியவன், பால் குறைந்தவன் ஆகியோர்க்கு அங்கே 'பூசை' நடக்கும். ஏச்சுக்குப் 'பூசை' என்றும் 'அர்ச்சனை' என்றும் பெயரிட்டது நம்மவரின் கசந்த நகைச்சுவை. துரை கிராணியைக் கடிந்தான். கிராணி கங்காணியை ஏசினான். கங்காணி வெட்டுக்காரனை அவன் பாட்டன் பூட்டன் வரையில் இழுத்துப் பேசினான். வெட்டுக்காரன் வாய்திறந்தால் வேலை போகும். எனவே பகல் முழுதும் அச்சொல்லை நெஞ்சிலே சுமந்து, மாலையில் கள்ளுக்கடை வழியாக வீட்டுக்குக் கொண்டுவந்தான். மனைவி அதனை வாங்கிக்கொண்டாள். அவள் பிள்ளையின்மேல் இறக்கினாள். தண்ணீரைப் போலவே வசையும் பள்ளம் நோக்கியே பாயும். மேட்டை நோக்கிப் பாய்ந்த வசையைக் கண்டவர் உண்டா?

மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி வழியாக ஆள்திரட்டுவதும் 1938-இல் இந்திய அரசாங்கத்தின் தடையால் நின்றது. சட்டம் மாறிற்று, பெரட்டுக் களத்துப் பேச்சு மாறவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் கேட்டவற்றை நோக்குங்கள். கொடுமை செய்யும் தோட்ட அதிகாரிகளை அகற்றவேண்டும், தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் முறைதவறி நடப்பதை நிறுத்தவேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும், துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்றனர். வயிற்றைப் பற்றிய கோரிக்கையும் மானத்தைப் பற்றிய கோரிக்கையும் ஒரே மூச்சில் எழுந்தன. அப்போராட்டம் படைகொண்டு அடக்கப்பட்டது, உயிர்களும் பலியாயின.

'கூலி' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அது கெட்ட சொல் அன்று. உழைப்புக்குக் கொடுக்கும் விலை என்பதே அதன் பொருள். ஆனால், விலையின் பெயரை மனிதனுக்கே இட்டபோது அது வசையாயிற்று. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அதன் பெயரில் நின்ற சொல் 'தொழிலாளர்' என்பது. இம்மாற்றம் நாகரிகத்துக்காகச் செய்த பூச்சுவேலை அன்று; மனிதனை அவன் விலையினின்றும் பிரித்துக் காட்டிய செயலாகும். ஆகவே மாற்றுச் சொற்கள் யாவும் போலி என்று தள்ளிவிடல் பொருந்தாது.

நம் முன்னோர் இவ்விஷயத்தை இலக்கணத்திலேயே எடுத்துப் பேசியுள்ளனர். அவையிற் சொல்லத்தகாத சொல்லை மறைத்தே சொல்லவேண்டும் எனத் தொல்காப்பியம் விதித்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகிய நன்னூலில் பவணந்தி முனிவர் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றினைக் கூறினார். 'கால் கழுவி வந்தான்' என்பது முதல்வகை. இறந்தாரைத் 'துஞ்சினார்' என்பதும், சுடுகாட்டை 'நன்காடு' என்பதும் இரண்டாம் வகை. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு வைத்துக்கொண்ட பெயர் மூன்றாம் வகை. வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்று வழங்கினர் என்பது இதற்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. உள்ளே அடங்கிக் கிடக்கும் சொல்லை வெளியே இழுத்துவிடுவது கள் என்பதை அவ்வேடர் நன்கறிந்திருந்தனர். தோட்டத்துக் கள்ளுக்கடையைக் கண்டவர் எவரும் அப்பெயரை மறுக்கமாட்டார்.

ஆயினும், இம்மூன்றும் கூச்சத்தையும் அச்சத்தையும் கூட்டத்தின் மறைவையும் கருதி எழுந்தவை. சினத்துக்கு என்று தனியாக ஒரு வகையை இலக்கணம் வகுத்துத் தரவில்லை. அக்குறையை நிரப்பியவர் ஏடு தொடாத எளிய மக்களே. 'சாதியாவது புடலங்காயாவது' என்பர். 'பெரிய கத்தரிக்காய்' என்பர். 'போடா, மண்ணாங்கட்டி' என்பர். கொல்லையில் விளையும் காயெல்லாம் சினத்துக்கு உதவிற்று. ஆத்திரம் தாங்காத பாட்டி 'நாசமாய்ப் போக' என்று சொல்ல வாயெடுத்து, பேரன் முகத்தைக் கண்டவுடன் 'நீ நல்லாயிருக்க!' என்று முடிப்பாள். குரலிலே சாபம், சொல்லிலே வாழ்த்து. பெரியார் ஈ. வெ. இராமசாமி மேடையில் ஒரு கொள்கையைத் தள்ள நினைத்தால் 'வெங்காயம்' என்று சொல்லித் தள்ளுவது நாடறிந்த செய்தி. உரிக்க உரிக்க உள்ளே ஒன்றுமில்லை என்பது அதன் கருத்து. அச்சொல் எதிரியின் வாதத்தைத் தோலுரித்தது. அவன் தாயைத் தொடவில்லை.

இத்தகைய சூழ்ச்சி நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1606-இல், நாடக மேடையில் கடவுளின் பெயரை விளையாட்டாக எடுத்து ஆணையிடுவோர்க்குப் பத்துப் பவுன் தண்டம் என்று சட்டமியற்றினர். மக்கள் கடவுளின் பெயரைச் சிதைத்தும் குறுக்கியும் ஆணையிட்டுக்கொண்டனர். தண்டத்துக்கும் தப்பினர், பழக்கத்தையும் விட்டாரில்லை. 1914-இல் பெர்னார்டு ஷாவின் 'பிக்மாலியன்' நாடகம் லண்டனில் நடந்தபோது, அதில் வரும் பூக்காரப் பெண் கனவான்களின் கூடத்தில் நின்று ஒரு தெருச்சொல்லைச் சொல்லிவிட்டாள். நகரமே அதிர்ந்தது, சிரித்தது. அதன்பின் சிலகாலம், அச்சொல்லைச் சொல்ல நாணியவர்கள் அதற்குப் பதிலாகப் 'பிக்மாலியன்' என்றே சொல்லித் திரிந்தனராம்!

இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். லண்டன்காரர் செய்தது தம் நாவின் மதிப்பைக் காத்துக்கொண்ட வேலை. 'புடலங்காய்' என்றவர் செய்தது எதிரே நிற்பவனின் மானத்தைக் காத்த வேலை. இரண்டும் மாற்றுச் சொல்லே, இரண்டும் ஒன்றல்ல.

தமிழன் வசைகளுள் அச்சிடத்தகாதவற்றை எண்ணிப் பாருங்கள். அவற்றுட் பெரும்பாலன எதிரியைத் தாக்குவன அல்ல. அவன் தாயையும், உடன்பிறந்தாளையும், மனைவியையும் தாக்குவன. சண்டை இரண்டு ஆண்களுக்குள். அடிபடுவதோ அங்கு இல்லாத ஒரு பெண். அவள் தன் வீட்டில் உலை வைத்துக்கொண்டிருக்கலாம். இறந்து பல்லாண்டு ஆகியிருக்கலாம். அவள் செய்த குற்றம் யாது? இன்னுமொன்று. பால்வெட்டும் கத்தி நழுவிக் கையில் பட்டால் அதே தமிழன் என்ன சொல்லிக் கத்துகின்றான்? 'அம்மா!' என்கின்றான். நோவு வந்தபோது தன் தாயை அழைக்கும் நா, சினம் வந்தபோது பிறன் தாயை இழுக்கின்றது. இதைவிட வெட்கக்கேடு வேறென்ன வேண்டும்?

தாய்க்கு அடுத்தபடி வசைக்கு அகப்படுவது சாதி. ஒரு மக்கட் கூட்டத்தின் பெயரையே ஏச்சாக்கிவிட்ட கொடுமையை மாற்றவே, 1922-இல் எம். சி. ராஜா சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரை அரசாங்க வழக்கில் ஏற்கச் செய்தார். பழைய பெயரின் திரிபோ ஆங்கிலத்திலும் மலாயிலும் புகுந்து இழிசொல்லாக நின்றுவிட்டது. 1971-இல் வெளிவந்த 'இந்தர்லோக்' என்னும் மலாய் நாவல், 2011-இல் மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் பாடநூலாக வைக்கப்பட்டபோது, அச்சொல் அதில் இருந்தமையால் நம்மவர் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டின் இறுதியில் அந்நூல் பாடத்தினின்று நீக்கப்பட்டது. கொதித்தது நியாயமே. ஆனால் பிறர் ஏட்டில் கண்டு கொதித்த அச்சொல்லை, நம் வீட்டுத் திண்ணையில் நம்மவரே நம்மவர்மேல் வீசும்போது கொதிக்காதது எந்த நியாயம்?

இங்கே ஒரு தடை எழக்கூடும். 'வசை ஒரு வடிகால். வலி வந்தபோது கத்தினால் நெஞ்சின் பாரம் குறையும். அதையும் அடைத்தால் மனிதன் வெடித்துப்போவானே' என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் 2009-இல் ஒரு சோதனை நடத்தினர். பனிநீரில் கையை வைத்திருக்கச் சொன்னபோது, வசைச்சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் சாதாரணச் சொல்லைச் சொன்னவர்களைவிட நெடுநேரம் தாங்கினர். 2020-இல் அதே வகைச் சோதனையில் புதிதாகப் புனைந்த இரண்டு பொய்வசைகளையும் சொல்லச் செய்து பார்த்தனர். அவை சிரிப்பை மூட்டின; வலியைக் குறைக்கவில்லை.

ஆகவே மாற்றுச் சொல் அசல் வசையைப் போலச் சுகந்தராது என்பதை ஒப்புக்கொள்வோம். ஒப்புக்கொண்டபின்தான் அதன் பெருமை விளங்கும். சுகந்தருவதாயின் அதனைக் கைக்கொள்வதில் அறம் என்ன இருக்கின்றது? தன் வலியின் ஒரு பங்கைத் தானே வைத்துக்கொண்டு, அதைப் பிறன்மேல் தள்ளாதிருப்பவனே மாற்றுச் சொல்லை ஆள்கின்றான். குறளில் அடக்கமுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்ததும், அதில் நாவடக்கத்தை வற்புறுத்தியதும் இதுபற்றியே போலும். தனியே நிற்கையில் கல் தடுக்கிக் காலில் இரத்தம் வந்தவன் எதைச் சொல்லிக் கத்தினாலும் யாருக்கும் கேடில்லை. நாம் பேசுவது ஆள்மேல் விழும் சொல்லைப் பற்றி.

இன்னொரு தந்திரமும் உண்டு. தன் மொழியில் ஏச நாணுவோன் பிறமொழியில் தாராளமாக ஏசுவான். தமிழும் மலாயும் சீனமும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் கெர்லிங் போன்ற ஊர்களில் இது எளிது. இரவல் சொல் வாய்க்குக் கனக்காது. துருக்கிமொழியினரை வைத்து 2003-இல் செய்த ஓர் ஆராய்ச்சியிலும், பின்னர்க் கற்ற ஆங்கிலத்தைவிடத் தாய்மொழியின் கடுஞ்சொற்களே அவர்கள் உடலில் மிக்க அதிர்வை உண்டாக்கின எனக் கண்டனர். ஆயின், நம் வாய்க்குக் கனக்காத சொல் அதற்குரியவன் காதில் முழுக்கனத்தோடும் விழுகின்றது. நம் கூச்சத்தைக் காத்துக்கொண்டோம்; அண்டைவீட்டானின் தாயை விற்றுவிட்டோம்.

மாற்றுச் சொல்லே கொடுமையை மறைக்கும் திரையாவதும் உண்டு. தோட்டங்களில் களைக்கொல்லியை 'மருந்து' என்றே சொல்வர்; தெளிக்கும் பெண்களை 'மருந்தடிப்பவர்' என்பர். நோய் தீர்ப்பதற்குரிய பெயரை நஞ்சுக்கு இட்டு, அதனைப் பெண்களின் முதுகில் ஏற்றினர். அவற்றுள் ஒன்றாகிய பாரகுவாட் என்பதை மலேசியா 2002-இல் தடுத்தது. 2006-இல் தடையைத் தளர்த்தியது. 2020-இல்தான் முற்றும் விலக்கியது. அதனை 'நஞ்சு' என்றே நாள்தோறும் சொல்லியிருந்தால், கையுறையும் முகமூடியும் இன்றி எவள் சுமந்திருப்பாள்? அவ்வாறே மனைவியை அடிப்பதைக் 'குடும்பச் சண்டை' என்பதும், குடியிருப்போரை வெளியேற்றுவதை 'மேம்பாடு' என்பதும் மங்கலச் சொற்கள்தாம். இத்தகைய மங்கலத்தைவிட அமங்கலமே மேல். வசையை மறைக்கலாம், உண்மையை மறைத்தல் ஆகாது.

கோல சிலாங்கூர் மாவட்டத்தில் ஓர் ஊரின் பெயரே மாறிய கதையையும் இங்கு எண்ணலாம். பத்தாங் பெர்ஜுந்தை என்பது அவ்வூரின் பழைய பெயர். தொங்கும் மரம் என்பது அதன் நேர்ப்பொருள். கேட்டவர் அதில் வேறு பொருள் கண்டு நகைத்தமையால், 2007-இல் அதனைப் பெஸ்தாரி ஜெயா என மாற்றினர். பெயரில் குற்றமில்லை, கேட்டவர் மனத்தில்தான் இருந்தது. எனினும் அந்நகைப்பைச் சுமந்தவர்கள் அவ்வூரில் வாழ்ந்தவர்களே. அவர்களுக்காகச் செய்ததாயின் அம்மாற்றம் தக்கதே. கேட்பவரின் போலி நாணத்துக்காகச் செய்ததாயின் வீண் செயலே. செயல் ஒன்றுதான், யாருக்காக என்பதில்தான் வேறுபாடு.

ஆகவே நாம் கொள்ளும் முடிவு இது. மாற்றுச் சொல் நன்றா தீதா என்பதை அதன் ஓசையைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. அது யாருடைய காயத்தைத் தடுத்தது என்று கேட்கவேண்டும். சொல்பவனின் கௌரவத்தை மட்டும் காத்தால் அது பூச்சு. கேட்பவனையும், அங்கில்லாத அவன் தாயையும் காத்தால் அது அறம். அன்றியும், சொல்லின் கடுமை சொல்லில் மட்டும் இல்லை. சொல்பவன் நிற்கும் படியிலும் உளது. சமமான இரு நண்பர் ஒருவரையொருவர் 'கழுதை' என்று அழைத்துச் சிரிக்கலாம். திருப்பிச் சொல்ல முடியாதவனை நோக்கி மேலதிகாரி சொல்லும் 'முட்டாள்' என்ற சொல் அதனினும் பன்மடங்கு கொடிது.

இது பழங்கதையன்று. இன்று செம்பனைத் தோட்டங்கள் பலவற்றில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தோர் குலை வெட்டுகின்றனர். அவர்களை ஏவும் இடத்தில் நம்மவர் சிலர் மண்டோராகவும் கிராணியாகவும் நிற்கின்றனர். பாட்டன் பெரட்டுக் களத்தில் தலைகுனிந்து கேட்ட சொற்களைப் பேரன் இன்று யார்மேல் வீசுகின்றான்? 'அவனுக்குத் தமிழ் விளங்காது' என்பது மறுமொழியாகாது. நம் பாட்டனுக்கும் துரையின் ஆங்கிலம் விளங்கியதில்லை; ஆயினும் துரை ஏசுகின்றான் என்பது அவர் முகம் சிவந்ததும் விளங்கிற்று. படி ஒன்று ஏறியவன் கீழ்ப்படியில் நிற்பவனுக்குக் கொடுக்கவேண்டியது தான் வாங்கியதை அன்று.

வேலை பிழைத்ததாயின் பிழையைச் சொல்லுங்கள். குலை பழுக்கவில்லை என்றால் பழுக்கவில்லை என்று சொல்லுங்கள். ஆத்திரம் அடங்கவில்லையாயின், புடலங்காயும் கத்தரிக்காயும் வெங்காயமும் நம் கொல்லையில் நிறைய உள, எடுத்து வீசுங்கள். அவற்றால் எவர் தாய்க்கும் நோவதில்லை. பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளிடத்தில் 'கெட்ட வார்த்தை பேசாதே' என்று அதட்டுவதோடு நில்லாமல், அச்சொல் எவளைச் சுடுகின்றது என்பதையும் எடுத்துச் சொல்வார்களாக. காரணம் அறிந்து அடங்கிய நாவே, அதட்டுவார் இல்லாதவிடத்தும் அடங்கி நிற்கும்.